இறைச்சியா, மரக்கறியா? யாருக்கு, எவ்வளவு?

சோற்றோடு இறைச்சி இல்லாவிட்டால் அது ஒரு சாப்பாடா என்று கேட்கும் வாப்பாமார் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இறைச்சிதான் எல்லா நோய்க்கும் காரணம், அதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகளும் இப்போது அதே வீடுகளில் இருக்கிறார்கள். வாப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், வீட்டில் இறைச்சி சமைப்பதே நின்றுவிடுகிறது. அதே வீட்டில் குமர்ப்பிள்ளைக்கு இரத்தம் போதாது என்று வைத்தியர் சொல்லியிருப்பார். உம்மும்மாவுக்கு எலும்பு தேய்ந்திருக்கும். அடுப்பு ஒன்று, சட்டி ஒன்று, உண்போரோ பலர். யாருக்காக எதைச் சமைப்பது என்ற கேள்வி ஈற்றில் அந்த வீட்டு உம்மாவின் தலையிலேயே வந்து விழுகிறது.

இந்தக் கேள்விக்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டிய காலம் போய்விட்டது. தாவர உணவை மட்டும் உண்போரையும், இறைச்சி, மீன், மரக்கறி எல்லாவற்றையும் கலந்து உண்போரையும் பல்லாண்டு காலமாகத் தொடர்ந்து கவனித்து வரும் ஆய்வுகள் இன்று நம் முன்னே இருக்கின்றன. அவை என்ன சொல்கின்றன, நமது மார்க்கம் இவ்விடயத்தில் எங்கே நிற்கிறது, நமது சமையலறையில் நாம் எதை மாற்ற வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

ஹலால் என்றால் கட்டாயமா?

கால்நடைகளை அல்லாஹ் நமக்காகப் படைத்ததையும், அவற்றிலிருந்து நாம் உண்பதையும் சூறா அந்நஹ்லின் 5ஆம் வசனம் ஓர் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. அதே சூறாவின் 14ஆம் வசனம் கடலிலிருந்து கிடைக்கும் புதிய மாமிசத்தைக் குறிப்பிடுகிறது. சூறா அபஸவின் 24 முதல் 32 வரையான வசனங்களோ, மனிதன் தன் உணவைச் சிந்தித்துப் பார்க்கட்டும் என்று கூறி, தானியம், திராட்சை, காய்கறி, ஸைத்தூன், பேரீத்தம், பழவகை என்று பூமியின் விளைச்சலையே அடுக்கிச் செல்கின்றன. தரையும் கடலும் மண்ணும் தரும் மூவகை உணவும் நமக்கு அல்லாஹ்வின் ரிஸ்க்காகும்.

எனவே, இறைச்சி உண்பது பாவம் என்றோ, அதை விட்டவர் இறைவனுக்கு நெருக்கமானவர் என்றோ ஒரு முஃமின் நினைக்க முடியாது. நல்ல பொருள்களை நீங்களாகவே விலக்கப்பட்டவையாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தை சூறா அல்மாயிதாவின் 87ஆம் வசனம் உறுதியாகச் சொல்கிறது. வணக்கத்தின் பெயரால் இனி இறைச்சியே உண்ண மாட்டேன் என்று ஒரு தோழர் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அதேவேளை, ஆகுமானது என்பதற்கு அன்றாடம் கட்டாயம் என்று பொருள் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஆட்டின் முன்னங்காற் சப்பை இறைச்சியை விரும்பினார்கள். குழம்பிலிருந்த சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதை அனஸ் (ரழி) அவர்கள் கண்டு அறிவித்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் மூன்று பிறைகளைக் கண்டும் அவர்களது வீடுகளில் அடுப்பெரியாத காலங்கள் இருந்ததையும், பேரீத்தம்பழமும் தண்ணீரும் அயலவர் அனுப்பிய பாலுமே உணவாக இருந்ததையும் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இறைச்சிக்கு மனிதன் பழகிப்போய்விடுவான், எச்சரிக்கையாக இருங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் அறிவுறுத்தியது இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வருகிறது.

இறைச்சி ஆகுமானது, விரும்பத்தக்கது, அளவோடு உண்ணப்பட வேண்டியது. உடல்நலம் கருதி ஒருவர் அதைக் குறைத்தாலும், வைத்தியர் சொல்லுக்காக நிறுத்தினாலும் மார்க்கத்தில் குற்றமில்லை. ஹலாலை ஹராம் என்று நம்புவதுதான் குற்றம். ஆகவே, எவ்வளவு உண்பது என்பதை உடலைப் பற்றிய அறிவைக் கொண்டு தீர்மானிக்கும் இடம் நமக்குத் தாராளமாகவே திறந்துவிடப்பட்டிருக்கிறது.

இருதயத்தைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1993ஆம் ஆண்டில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. எபிக்-ஒக்ஸ்போர்ட் என்பது அதன் பெயர். பிரித்தானியா எங்குமிருந்து சுமார் 65,000 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். இறைச்சி உண்போர், இறைச்சியை விட்டு மீன் மட்டும் உண்போர், பாலும் முட்டையும் சேர்க்கும் சைவ உணவினர், பாலும் முட்டையும் கூடச் சேர்க்காத, வீகன் எனப்படும் முழுத் தாவர உணவினர் என்று எல்லாப் பிரிவினரும் அதில் இருந்தார்கள். இவர்கள் என்ன உண்கிறார்கள், யாருக்கு என்ன நோய் வருகிறது என்பவை ஆண்டுக் கணக்கில் பதிவு செய்யப்பட்டன.

இவர்களில் 48,188 பேரை 18 ஆண்டுகள் வரை கவனித்த முடிவு 2019ஆம் ஆண்டில் வெளியானது. இறைச்சி உண்போரை விடச் சைவ உணவினருக்கு மாரடைப்பு போன்ற இருதய இரத்தக்குழாய் நோய்கள் 22 வீதம் குறைவாக இருந்தன. மீன் உண்போருக்கு 13 வீதம் குறைவாக இருந்தன. வீதக் கணக்கு சிலவேளை பெரிதாகத் தோன்றும். ஆட்கணக்கில் சொன்னால், 10 ஆண்டுக் காலத்தில் 1,000 பேருக்குச் சுமார் 10 பேர் இந்நோயிலிருந்து தப்பினார்கள். சைவ உணவினரின் உடற்பருமனும், இரத்தத்தில் கொலஸ்ட்ரோலும், பிறஷரும் குறைவாக இருந்ததே இதற்குப் பெருமளவு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். சைவ உணவை விரும்பித் தேர்ந்தவர்கள் பொதுவாகப் புகைபிடிப்பதும் குடிப்பதும் குறைவு, உடற்பயிற்சி அதிகம். நன்மை உணவால் வந்ததா, ஒழுக்கமான வாழ்க்கையால் வந்ததா? ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரே மேலே சொன்ன எண்களைத் தருகிறார்கள். ஆயினும் அந்தச் சந்தேகம் முற்றாகத் தீர்ந்துவிடாது.

இதற்கு நம்மோடு சில வகையில் ஒத்துப்போகும் இன்னொரு கூட்டத்தாரைப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் எனப்படுவோர் மதுவையும் புகையிலையையும் பன்றி இறைச்சியையும் விலக்கும் போதனையுடையவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இறைச்சி உண்கிறார்கள், ஒரு பகுதியினர் உண்பதில்லை. கலிபோர்னியாவிலுள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகம் இவர்களில் 73,308 பேரைச் சுமார் 6 ஆண்டுகள் கவனித்து 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. அடிக்கடி இறைச்சி உண்டவர்களோடு ஒப்பிட, அதை விட்டவர்களிடமும் மிகக் குறைத்தவர்களிடமும் மரணம் 12 வீதம் குறைவாக இருந்தது. இவர்களுள் மீனைச் சேர்த்துக்கொண்டவர்களிடம் அது 19 வீதம் குறைவாக இருந்தது. 2015ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு முடிவின்படி, மீன் உண்ட பிரிவினருக்குப் பெருங்குடல் புற்றுநோய் 43 வீதம் குறைவாக இருந்தது.

இவற்றில் இரண்டு செய்திகளை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, 2013ஆம் ஆண்டு முடிவில் அந்த நன்மை ஆண்களிடம் தெளிவாகத் தெரிந்தது, பெண்களிடம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு, ஒக்ஸ்போர்ட் ஆய்வில் மொத்த மரணங்களை எடுத்துப் பார்த்தபோது, சைவ உணவினருக்கும் மற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அப்படியானால், ஒரு பக்கம் கிடைத்த நன்மை வேறொரு பக்கம் குறைந்திருக்க வேண்டுமல்லவா?

தராசின் மறுதட்டு

2019ஆம் ஆண்டின் அதே ஒக்ஸ்போர்ட் முடிவில், இருதய நோய் குறைந்த சைவ உணவினருக்குப் பாரிசவாதம் 20 வீதம் கூடுதலாக இருந்தது. அதிலும் மூளையில் இரத்தக் கசிவால் வரும் பாரிசவாதமே முக்கியமாகக் கூடியிருந்தது. ஆட்கணக்கில் இது 10 ஆண்டுகளில் 1,000 பேருக்கு 3 பேர். இருதயத்தில் தப்பிய 10 பேரோடு ஒப்பிடும்போது இது சிறிய தொகைதான். ஆயினும் எதை விட்டாலும் எதுவும் குறையாது என்று யாரும் சொல்ல முடியாது என்பதை இது காட்டுகிறது.

எலும்பின் கதை இன்னும் கவனத்துக்குரியது. அதே ஆய்விலுள்ள சுமார் 55,000 பேரை வைத்து 2020ஆம் ஆண்டில் வெளியான முடிவில், வீகன்களுக்கு இடுப்பெலும்பு முறிவு இறைச்சி உண்போரை விட 2.3 மடங்காக இருந்தது. பால், முட்டை உண்ணும் சைவ உணவினருக்கும், மீன் உண்போருக்கும் கூட அது ஓரளவு கூடுதலாகவே இருந்தது. பெண்களை மட்டும் வைத்து இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளியானது. 35 முதல் 69 வயது வரையான 26,000க்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் கவனித்ததில், சைவ உணவுப் பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு 33 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. உடல் மெலிவு, போதிய புரதம் இல்லாமை, கல்சியம் குறைவு ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வயது போன பெண் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவர் மீண்டும் முன்போல நடமாடுவது எவ்வளவு கடினம் என்பதை, அத்தகையவரைப் பராமரித்த வீட்டார் அறிவார்கள்.

மூன்றாவது, விற்றமின் பீ-12. இது இயற்கையில் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்துதான் நமக்குப் போதியளவு கிடைக்கிறது. கீரையிலோ பருப்பிலோ இதை நம்பியிருக்க முடியாது. ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவுதான். அது இல்லாவிட்டால் இரத்தச்சோகை வரும், கை கால் விறைக்கும், நடை தடுமாறும், ஞாபகம் குறையும். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 689 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கில், வீகன்களில் 52 வீதமானோருக்கும், சைவ உணவினரில் 7 வீதமானோருக்கும் இந்த விற்றமின் குறைபாடு இருந்தது. எல்லாம் உண்போரில் ஒரே ஒருவருக்கு மட்டுமே இருந்தது.

இந்தக் குறைபாட்டில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நமது ஈரல் இந்த விற்றமினைச் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவில் சேமித்து வைத்திருக்கும். ஆகவே இறைச்சியையும் பாலையும் விட்டவருக்கு முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. உடம்பு இலேசாகிவிட்டது, சுகமாக இருக்கிறது என்று மற்றவர்களுக்கும் சொல்வார். சேமிப்பு கரைந்த பிறகே விளைவு தெரியத் தொடங்கும். கீரைவகையிலுள்ள போலிக் அமிலம் இரத்தச்சோகையின் அடையாளத்தை மறைத்துவிட, நரம்புக்கு மட்டும் சேதம் நடந்துகொண்டிருக்கவும் கூடும். பால் கொடுக்கும் தாய்க்கு இக்குறைபாடு இருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம். நீரிழிவுக்காக மெட்போமின் மாத்திரையை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கும் பீ-12 குறைய வாய்ப்புண்டு. அப்படியானவர்கள் இறைச்சி, மீனையும் நிறுத்துவதாக இருந்தால், வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

மரக்கறி என்ற பெயரில் எல்லாம் நல்லதல்ல

இறைச்சியை நிறுத்திவிட்டோம் என்று சொல்லும் வீட்டில் அதன் இடத்தை எது நிரப்புகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய கோப்பை வெள்ளைச் சோறு, மூன்று கரண்டி சீனி போட்ட தேநீர், கோதுமை மா ரொட்டி, எண்ணெயில் பொரித்த பலகாரம், இனிப்புக் குளிர்பானம் ஆகிய எல்லாமே தாவரத்திலிருந்து வந்தவைதாம். இவற்றால் வயிறு நிறையும், ஆனால் நோய் குறையாது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாதிமாரும் பிற சுகாதாரத் துறையினருமான 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து, இதை 2017ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். தவிடு நீக்காத தானியம், பழம், மரக்கறி, பருப்பு, கொட்டை வகைகளை அதிகம் சேர்த்த தாவர உணவினருக்கு இருதய நோய் 25 வீதம் குறைவாக இருந்தது. தீட்டிய தானியம், இனிப்பு, சர்க்கரைப் பானம் ஆகியவற்றை அதிகம் சேர்த்த தாவர உணவினருக்கு அது 32 வீதம் கூடுதலாக இருந்தது. இரண்டுமே தாவர உணவுதான், விளைவோ நேரெதிர்.

இது நமக்கு மிகவும் பொருந்தும் பாடமாகும். இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வில், வளர்ந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுடன் இருந்தது தெரியவந்தது. இந்த நோயை இறைச்சியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. சோற்று மலைக்கும் சீனிக்கும் அதில் பெரும் பங்குண்டு. தேங்காய்ப்பாலும் தாவர உணவுதான். அதில் கொலஸ்ட்ரோல் இல்லையென்றாலும், இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைக் கூட்டும் நிரம்பிய கொழுப்பு நிறைய உண்டு. இறைச்சியை விட்டுவிட்டு ஒவ்வொரு கறிக்கும் கட்டித் தேங்காய்ப்பால் ஊற்றினால் எதிர்பார்த்த பலன் கிடைக்காது.

இறைச்சியிலும் இவ்வாறே தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஒக்டோபரில், பதனிட்ட இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதற் பிரிவில் சேர்த்தது. நாளாந்தம் 50 கிராம் பதனிட்ட இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 வீதம் கூடும் என்றும் அது அறிவித்தது. மாடு, ஆடு போன்றவற்றின் சிவப்பிறைச்சியை, புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற அடுத்த பிரிவில் வைத்தது. பிள்ளைகளுக்குப் பாடசாலைக்குக் கட்டிக்கொடுக்கும் சோசேஜஸ் இந்த முதற் பிரிவைச் சேர்ந்தது. அதன் உறையில் ஹலால் முத்திரை இருப்பது, அது மார்க்கப்படி ஆகுமானது என்பதற்கு அத்தாட்சி. அன்றாடம் உண்பதற்கு நல்லது என்பதற்கு அது அத்தாட்சியாகாது. தையிபானதையும் சேர்த்துத் தேடும்படியல்லவா நமக்குக் கட்டளையிடப்பட்டுள்ளது!

தட்டில் பங்கு வைப்பவர் கவனத்துக்கு

இதுவரை பார்த்தவற்றை ஒன்றுசேர்த்தால் ஓர் உண்மை புலப்படும். இறைச்சியைக் குறைப்பதால் அதிகம் பயன் பெறுபவர், பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டிய, பருமனான, கொலஸ்ட்ரோல் கூடிய ஆண். இறைச்சி, மீன், முட்டை, பால் குறைவதால் அதிகம் பாதிக்கப்படக் கூடியவர்கள், மாதவிடாய் காணும் குமர்ப்பிள்ளை, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், வளரும் குழந்தை, மெலிந்த மூதாட்டி ஆகியோர்.

இப்போது நமது வீடுகளில் உணவு பரிமாறப்படும் முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். பல வீடுகளில் வாப்பாவுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் நல்ல துண்டுகள் முதலில் போகின்றன. வந்த விருந்தாளிக்கு அடுத்த பங்கு. பெண் பிள்ளைகளுக்கு மிச்சம். எல்லோரும் எழுந்த பிறகு உம்மா உட்காரும்போது சட்டியில் இருப்பது ஆணமும் ஓர் எலும்பும்தான். யாருக்குக் குறைய வேண்டுமோ அவருக்குக் கூடவும், யாருக்கு வேண்டுமோ அவருக்கு இல்லாமலும் போகிறது. இந்த வீட்டு வாப்பா மாரடைப்பால் இறைச்சியை நிறுத்தும்போது வீட்டுக்கே இறைச்சி நின்றுவிட்டால், உம்மாவுக்கும் மகளுக்கும் கிடைத்த அந்தச் சிறு பங்கும் இல்லாமலாகிவிடும்.

இரும்புச்சத்தின் கணக்கைப் பாருங்கள். அமெரிக்க சுகாதாரத் துறையினர் வகுத்த அளவின்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு போதும். மாதவிடாய் காணும் பெண்ணுக்கு 18 மில்லிகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 27 மில்லிகிராம் வேண்டும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதியை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பிலுள்ள இரும்பு குறைவாகவே உள்ளே போகும். ஆகவே தாவர உணவை மட்டும் உண்பவருக்கு இரும்பின் தேவை 1.8 மடங்கு என்று கணக்கிடப்படுகிறது. சிறு துண்டு மீனோ இறைச்சியோ கூட இருந்தால், அது அதே சோற்றிலுள்ள கீரையின் இரும்பையும் கூடுதலாக உடலில் சேரச் செய்யும்.

பாலூட்டும் தாயின் உணவும் உடையும் குழந்தையின் தகப்பன் மீதுள்ள பொறுப்பு என்பதை சூறா அல்பகராவின் 233ஆம் வசனம் தெளிவாக்குகிறது. அவளுக்குப் போதுமான, சத்தான உணவு கிடைக்கச் செய்வது கணவனின் கடமை என்பதை ஆண்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஜாபிர் (ரழி) அவர்கள் இறைச்சி வாங்கிக்கொண்டு போவதைக் கண்ட உமர் (ரழி) அவர்கள், அயலவரையும் உறவினரையும் நினையாமல் தன் வயிற்றை மட்டும் நிரப்ப விரும்புவதா என்று கேட்ட சம்பவமும் முவத்தாவில் உண்டு. அயலவரைப் பற்றியே இப்படிக் கேட்டார்கள் என்றால், அந்த இறைச்சியை அடுப்பில் வேகவைத்துத் தரும் மனைவியின் பங்கைப் பற்றி நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நமது சட்டியில் செய்யக்கூடிய மாற்றங்கள்

முதலாவது, இறைச்சியின் அளவைக் குறைத்து ஆணத்தில் மரக்கறியைக் கூட்டுங்கள். குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அயலவருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன அறிவுரை ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அரைக் கிலோ இறைச்சியில் உருளைக்கிழங்கோ, பலாக்காயோ, கடலைப் பருப்போ, சுரைக்காயோ சேர்த்தால் எல்லோருக்கும் ருசி கிடைக்கும், ஒருவருக்கும் அளவு மீறாது. வெளியே தெரியும் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டுச் சமையுங்கள்.

இரண்டாவது, மீனுக்கு முதலிடம் கொடுங்கள். ஆய்வுகளில் மீன் உண்டோர் இருதயத்திலும் நன்மை பெற்றார்கள், பீ-12க்கும் பெரிதாகத் தவிக்கவில்லை. கடல் சூழ்ந்த நமது நாட்டில் சாளையும் நெத்தலியும் ஏழைக்கும் எட்டக்கூடியவை. நெத்தலியை முள்ளோடு உண்பதால் கல்சியமும் கிடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால், பிறஷர் உள்ளவர்கள் அதை நம்பியிருக்கக் கூடாது.

மூன்றாவது, நாளாந்தம் ஒரு கீரையும் ஒரு பருப்பும் தவறாமல் இருக்கட்டும். வல்லாரைச் சம்பலிலும் பொன்னாங்காணிச் சுண்டலிலும் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். அந்தப் புளிப்பிலுள்ள விற்றமின் சீ, கீரையின் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும். சோறு சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை விடுங்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். சோற்றைக் குறைத்து, தவிடு நீக்காத அரிசி, குரக்கன் போன்றவற்றைச் சேருங்கள்.

நான்காவது, இருதய நோயாளி உள்ள வீட்டில் அவருடைய தட்டை மாற்றுங்கள், எல்லோருடைய தட்டையும் வெறுமையாக்காதீர்கள். அவருக்கு மீனும் பருப்பும் மரக்கறியும் போதும். பெண் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் உரிய துண்டை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் திரிபோஷவையும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குப் பங்கு வைக்காதீர்கள். ஈரலில் இரும்பும் பீ-12உம் நிறைய உண்டு. ஆனால் அதில் விற்றமின் ஏ மிகுதியாக இருப்பதால் கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.

ஐந்தாவது, உங்கள் மகனோ மகளோ இறைச்சி வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் அவர்களோடு சண்டை பிடிக்க வேண்டாம். அது ஹராமல்ல என்பதை அன்போடு விளங்கப்படுத்துங்கள். முட்டை, பால், தயிர், மீன் ஆகியவற்றையாவது விடாமல் இருக்கச் சொல்லுங்கள். எங்கள் அயலிலுள்ள சைவக் குடும்பங்கள் பாலையும் தயிரையும் பருப்பு வகைகளையும் கைவிடாமல் வைத்திருப்பதில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் விடுகிறேன் என்பவர், பீ-12 மாத்திரையை வாழ்நாள் முழுவதும் ஒழுங்காக எடுக்க வேண்டும். கல்சியத்துக்கும் புரதத்துக்கும் வேறு வழி செய்துகொள்ள வேண்டும். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் வைத்திய ஆலோசனை இல்லாமல் இப்படியொரு மாற்றத்தைச் செய்யவே கூடாது.

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த அளவு, இறைச்சி உண்பவருக்கும் மரக்கறி உண்பவருக்கும் ஒன்றுதான். நமது வீட்டு உம்மாமார் இனி அகப்பையைக் கையில் எடுக்கும்போது யாருக்கு எது தேவை என்று பார்த்துப் பங்கு வைக்கட்டும். அந்தப் பங்கில் தமக்குரியதையும் மறவாமல் எடுத்து வைக்கட்டும். அது சுயநலமல்ல, அமானிதமாகத் தரப்பட்ட உடலுக்குச் செய்யும் கடமை.

நாம் உண்பதில் பரக்கத்தையும், நமது இல்லங்களில் ஆரோக்கியத்தையும், பங்கிடுவதில் நீதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக!